தேக்கு வட்டில் காணாமல் போன இரண்டு வருஷம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோணல்மாணலாக வரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசி மரக் கிடங்கில் எனக்கு வட்டு தேய்க்கிற வேலை. குற்றாலம் மலையில் சாய்ந்த மரங்களை வட்டு வட்டாக அறுத்துக் கொண்டுவருவார்கள். வளையம் தெளிவாகத் தெரிகிறவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். மெட்ராஸிலிருந்து வந்த ஆராய்ச்சி சார் லென்ஸ் வைத்து எண்ணுவார். வருஷத்துக்கு ஒரு வளையம். நல்ல மழையென்றால் அகலம், மழை குறைந்தால் ஒடுக்கம். மரத்தைப் பார்த்தே பழைய மழையைச் சொல்லிவிடலாம் என்பார்.

பதினெட்டு முடிந்தவர்களைத்தான் வேலைக்குச் சேர்ப்பார்கள். எனக்குப் பதினாறு. மேஸ்திரி அண்ணாச்சி கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு என்றேன். வெட்கப்படுகிற பிள்ளை பொய் சொல்லாது என்று அவருக்கு நினைப்பு.

ஒருநாள் எங்கள் ஊர் இலஞ்சியிலிருந்து ஒரு தேக்கு வட்டு வந்தது. சார் எண்ணினார், இருபத்தொன்று. அது நான் பிறந்த வருஷம் எங்கள் அப்பா தோப்பு வரப்பில் நட்ட மரம். சும்மா இருந்திருக்கலாம்.

"சார், அது என் வயசு மரம். இங்கன ஆனி ஆடியில சாரல், பொறவு ஐப்பசியில மழை. நடுவுல வெயிலு. சில வருசம் மரம் ரெண்டு தடவ வளரும்லா?"

சார் மறுபடி லென்ஸை எடுத்தார். நிஜ வளையம் தொடங்குகிற இடத்தில் பெரிய துளைகள் வரிசையாக இருக்குமாம். ஐந்து வளையங்களில் அது இல்லை. அவை பொய் வளையம் என்று கழித்தார். மிச்சம் பதினாறு. உனக்கு என்ன வயது என்று கேட்டார். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார். பதினெட்டு என்றேன்.

அப்புறம் மூன்று நாள் சார் பதினெட்டுக்குக் குறைகிற அந்த இரண்டு வளையத்தைத் தேடினார். அதே மரத்தில் இன்னும் இரண்டு வட்டு வரவழைத்தார். அதையும் நான்தான் தேய்த்தேன். நான் தொலைத்த இரண்டு வருஷத்தை நானே உள்ளங்கை உரியத் தேய்த்துத் தேடினேன்.

நாலாம் நாள் சார் நோட்டைத் திறந்து, இரண்டு வருஷம் மழையே இல்லை, மரம் வளரவில்லை என்று எழுதப்போனார். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"குத்தாலத்துல ரெண்டு வருசம் தண்ணி விழலன்னா, நாங்க உசிரோட இருப்போமா சார்?"

"மரம் பொய் சொல்லாது மேஸ்திரி" என்றார் சார்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என் ஊருக்கு இல்லாத பஞ்சம் நோட்டில் ஏறி மெட்ராஸ் போகும். மேஸ்திரி டீ குடிக்கப் போகிறவரை காத்திருந்தேன்.

"சார், மரத்துக்குப் பதினாறுதான். எனக்கும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பென்சிலை வைத்துவிட்டார்.

மேஸ்திரி திரும்பி வந்து, அந்த இரண்டு வருஷம் கிடைத்ததா என்று விசாரித்தார்.

"கிடைச்சுது. மூணு நாளா இங்கேயேதான் உக்காந்து தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றார் சார்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. வேலை எனக்கு நிலைத்தது.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் சின்னப் பொய்யை எங்கோ ஒரு பாவப்பட்ட மனிதர் லென்ஸ் வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்.

பொய் வளையம் ஐந்தா ஆறா என்பது எனக்கு நிச்சயமில்லை. துளைகள் பற்றிச் சொன்னதும் சரிதானா என்று, மரம் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். கிடங்குப் பதிவேட்டில் என் வயதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.