மழைக்குச் சொன்ன பாங்கு

இடி இடிக்கும்போது குழந்தையைச் சன்னலோரம் நிறுத்தி மழை காட்டலாமா, இல்லை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட வேண்டுமா? என் மகளுக்கு நான்கு வயதாகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. ஒரு மழைக்குக் காட்டுகிறேன், அடுத்த மழைக்குச் சாத்துகிறேன். காட்டிய அன்று, ஏன் காட்டினோம் என்று உறக்கம் வராது. சாத்திய அன்று, பயத்தை நாமே ஊட்டிவிட்டோமோ என்று வராது. ஆசிரியர் பயிற்சி முடித்தவள் நான். குழந்தை மனம் பற்றி ஒரு தாள் எழுதித் தேறியும் இருக்கிறேன். அந்தத் தாளில் மழை வரவில்லை.

என் அம்மா காட்டி வளர்த்தவள். அவள் காட்டிய ஒரு மழையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியின் மேற்கு ஓரத்தில் இருந்தது. மொட்டை மாடியில் ஏறினால் கல்வராயன் மலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தெரியும். மலைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே அகன்ற பள்ளம். கரும்பும் மரவள்ளியும் விளைகிற பூமிதான். ஆனால் அந்த வருஷம் பருவமழை மலையோடு நின்றுவிட்டது. தினமும் சாயங்காலம் மலைமேல் கருக்கும், மின்னும், பெய்யும். கீழே ஒரு சொட்டு இறங்காது. ஏரி வெடித்துக் கிடந்தது. போர் போட்ட இடத்திலெல்லாம் புழுதிதான் வந்தது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைத் தெருவில் நின்று பார்ப்பதுபோல் ஊரே நின்று மலையில் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா அதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். மழை பள்ளத்தில் இறங்கினால் எதிரே தெரிவதெல்லாம் ஒவ்வொன்றாக மறையும் அல்லவா? அடுத்து எது மறையும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதலில் மலை. பிறகு சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. பிறகு ஏரிக்கரைப் பனைமரங்கள், அரிசி ஆலையின் தகரக் கூரை, கடைசியாக நாங்கள். மழை எப்போதும் மலையோடு திரும்பிவிடும் என்பதால் ஆட்டம் ஒருநாளும் முடிந்ததில்லை.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு மலைச் சந்தைகளில் வியாபாரம். மொபெட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டி, பின்னால் துண்டும் கொசுவலையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போவார். நோன்பு மாதத்திலும் போவார். இறங்கி வரும் பாதை முழுக்க வளைவுகள். மேலே மழை பிடித்தால் ஓடைகள் பாதையின் குறுக்கே ஏறி ஓடும், கல் உருளும். கொஞ்ச நாளைக்கு முன்புதான் மாடு வாங்கப் போன ஒருவரை வண்டியோடு ஓடை இழுத்துப்போனதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அத்தாவிடம் செல்போன் இருந்தது. மலையில் சிக்னல் இருக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு முதல் நோன்பு. அடுத்த வருஷம் வைக்கலாம் என்று அம்மா சொல்லியும் கேட்காமல் அழுது அடம்பிடித்து வைத்த நோன்பு. உளுந்தூர்பேட்டை பைபாசில் டயர் கடையில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, நோன்புக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். மத்தியானத்திலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்து கிண்டல் செய்வதே அவருக்கு வேலை.

"இன்னா பாப்பா, எச்சிய முழுங்கிக்கினு கீற மாதிரி தெரியுதே?"

"இல்ல மாமா."

"முழுங்கு, அதுல ஒண்ணும் நோன்பு முறியாது. எதிர்வூட்டு வடை வாசனைய முழுங்காத. அதான் ஜாஸ்தி டேஞ்சர்."

பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வந்து தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு மாடிக்கு ஏறினோம். அம்மா கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்கே மலை இல்லை. மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. அதன் உள்ளே யாரோ விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல் மின்னிக்கொண்டிருந்தது.

"மலையே போச்சும்மா! அடுத்து புகைபோக்கி!" என்றேன்.

"சொல்லிட்ட இல்ல, பாப்போம்" என்றாள் அம்மா. துணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றாள்.

"மச்சான் எறங்கியிருப்பாரு, அக்கா" என்றார் மாமா.

"சந்தையே இப்பதான்டா கலைஞ்சிருக்கும். எங்கேர்ந்து எறங்கறது?"

"மழைன்னா ஓரமா நின்னுக்குவாரு. அவரு இன்னா சின்னப் புள்ளையா?"

"நோன்பு தொறக்க வூட்டுக்கு வந்துடறேன்னு இவகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. நிப்பாரா அந்த மனுசன்?"

இவள் என்றது என்னைத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. என் முதல் நோன்புக்காக அத்தா மழையில் வண்டி ஓட்டி வருகிறார் என்பது சினிமாவில் வருவதுபோல் தோன்றியது.

அப்போது மழை இறங்கியது. முதலில் வந்தது மழையல்ல, செம்மண் புழுதி. காய்ந்த பள்ளம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து எங்களைப் பார்த்து ஓடிவந்தது. அதன் பின்னால் வெள்ளையாக ஒரு திரை. புகைபோக்கி போனது. "ஜெயிச்சிட்டேன்" என்று குதித்தேன். இடி மலையில் தொடங்கிப் பள்ளம் முழுக்க உருண்டு எங்கள் காலடிக்கு வந்து நின்றது. மண் வாசனை தொண்டைவரை இறங்கியது. அதை முழுங்கினால் நோன்பு முறியுமா என்று மாமாவைக் கேட்க நினைத்தேன். இவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அடுத்து பனமரம்! பனமரம்மா!" என்று கத்தினேன்.

அம்மா பனைமரங்களைப் பார்க்கவில்லை. புகைபோக்கிக்கு இடதுபக்கம், மலைப்பாதை தொடங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. ஆட்டத்தைக் கவனிக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

பனைமரங்கள் போன பிறகு கரண்ட் போனது. தெருவே இருட்டியது. பக்கத்தில் எங்கோ ஒரு மரத்தில் இடி விழுந்தது போன்ற சத்தம். "நீ கீழ போ பாப்பா" என்று அம்மா என்னைப் படிக்கட்டில் இறக்கிவிட்டு, மாமாவிடம் ஏதோ சொல்லிவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

நான் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் மாடியிலிருந்து பாங்கு கேட்டது. மாமாவின் குரல். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவர், நல்ல கணீர்க் குரல் அவருக்கு. புயலோ இடியோ கட்டுக்கடங்காமல் போனால் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் நின்று பாங்கு சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அது தொழுகைக்குக் கூப்பிடுவதல்ல, அமைதி கேட்பது. ஆனால் நோன்பு மாதத்தில், கரண்ட் இல்லாத தெருவில், இருட்டிய வானத்தின் கீழ் பாங்கு கேட்டால் யார் அதையெல்லாம் யோசிப்பார்கள்? நோன்பு திறக்கும் அந்திநேர மக்ரிபு பாங்கு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், தெருவில் எல்லா வீட்டிலும் தம்ளர் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா என் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கிண்ணம் நிறையக் கஞ்சி ஊற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மக்ரிபு ஆயிடுச்சாம்மா?"

"குடி பாப்பா."

"அத்தா வரலியே?"

"நீ குடி. இன்னும் ரெண்டு வாய்."

குடித்தேன். இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். அதையும் குடிக்கவைத்தாள். வடையைப் பிய்த்து ஊட்டினாள். நான் போதும் என்ற பிறகும் ஊட்டினாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மாக்கள் எப்போதும் கடைசியில்தானே சாப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பள்ளிவாசலின் மோதினார் வாசலில் நின்று, மைக் இல்லாமல், வெறும் குரலில் உண்மையான மக்ரிபு பாங்கைச் சொன்னார். இரண்டாவது பாங்கைக் கேட்டதும் தெரு கடிகாரத்தைப் பார்த்தது. பிறகு கதவுகள் திறந்தன.

"யாருடா அது முதல்ல சொன்னவன்?" எதிர்வீட்டுப் பெரியம்மா தலையில் முக்காட்டுக்கு மேல் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "நீயா? நாள் பூரா கட்டிக் காத்த நோன்ப ஒரு சொம்புத் தண்ணில கவுத்துட்டியேடா!"

"மழைக்குச் சொன்னேன் பெரிம்மா."

"மழைக்குச் சொன்னா மழைக்குன்னு சேத்துச் சொல்ல வேணாமா? டயர் கடையில கீறவனுக்கெல்லாம் எதுக்குடா பாங்கு?"

"நீங்க கடிகாரத்தப் பாத்திருக்கலாம் இல்ல?"

"வாயப் பாரு! எங்க தெரு பூரா பெருநாள் கழிச்சி ஒரு நோன்பு திருப்பிப் புடிக்கணும். உனக்குத் துவா செஞ்சிக்கினே புடிக்கிறோம், போ."

என் நோன்பும் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடனே அழத் தொடங்கினேன். "மாமாதான் கெடுத்துட்டாரு" என்றேன். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "ஆமா பாப்பா, மாமாதான் கெடுத்துட்டேன்" என்று அவர் என்னைத் தூக்கிக்கொண்டார்.

அம்மா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து நோன்பு திறந்தாள். அதற்குமேல் எதையும் தொடவில்லை. வாசற்படியில் நின்றாள். நிறைய நேரத்துக்குப் பிறகு தெருமுனையில் குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. அத்தா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்புவரை சேறு. ஒரு செருப்பு இல்லை. அம்மா ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"துண்டு பூரா நனச்சிக்கினு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஓட தாண்ட முடியல. தண்ணி வடியட்டும்னு நின்னுட்டேன்" என்றார் அத்தா. பிறகு என்னைப் பார்த்து, "நோன்பு தொறந்துட்டியா?" என்றார். நான் மாமாவைக் காட்டிப் புகார் சொன்னேன். அத்தா சிரித்தார். அம்மா அடுப்படிக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. கஞ்சி சூடு செய்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பாங்கைச் சொல்லச் சொன்னது அம்மாதான் என்று என் கல்யாணத்தன்று மாமா சொன்னார். "அக்கா சொன்னா நான் கேட்டேன். திட்டு மட்டும் எனக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் என் கணவர் உளுந்தூர்பேட்டையிலிருந்து பைக்கில் வர வேண்டியிருந்தது. மேற்கே கறுத்து, புழுதி எழுந்து, இடி உருண்டு வந்தது. அவருடைய போன் அணைந்திருந்தது. நான் மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பெரிய பெரிய உருண்டைகளாக.

"ஏம்மா இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம் சோறு?" என்று கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் சாப்பிடும் நேரம் ஆகவே இல்லை. என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒருவேளை கெட்ட செய்தி வந்துவிட்டால் அந்த வீட்டில் அன்று யாரும் அடுப்பை நினைக்க மாட்டார்கள், குழந்தையை யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குள் அவள் வயிற்றில் இரண்டு வாய் போய்விட வேண்டும். நான் அதை நினைத்துச் செய்யவில்லை, கை செய்தது. தன் தம்பியின் குரல் மழைக்காகத்தான் எழுந்தது என்று தெரிந்தே என் நோன்பை முறித்த அம்மாவின் கையும் அப்படித்தான் செய்திருக்குமா? எலவனாசூர்கோட்டையில் டீக்கடை ஒன்றில் ஒதுங்கி நின்று, மழை விட்டதும் என் கணவர் வந்து சேர்ந்தார். மகள் சன்னலில் நின்று மழை பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வந்தால் சாப்பாடும் சீக்கிரம் வந்துவிடும் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள், அதைச் சந்தோஷமாக அவரிடம் சொன்னாள்.

அம்மா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கதை வந்தால் இன்றும் எல்லோரும் மாமாவைக் கேலி செய்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லலாமா? சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, அல்லது இத்தனை வருஷம் அவள் பத்திரமாக மூடி வைத்ததை நான் திறந்ததாக ஆகிவிடுமா? இதைப் படிக்கும் அம்மாக்களே, மகள்களே, உங்களில் யாராவது இப்படி ஒன்றைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.