கழற்றி வைத்த பெல்ட்

தலைச்சோலை காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல்மரங்களில் கிளை வெட்டப் போன என் கணவர், பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, விழுந்துவிட்டார். இனி நடக்க முடியாது. அவருடைய அலட்சியத்தை நான் திட்டாத நாளில்லை.

அதே வேலைக்குப் போன பக்கத்து வீட்டு முருகேசனிடம் அந்த பெல்ட்டைக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்தார்.

"வேண்டாமுங்க அக்கா. இதை மாட்டிக்கிட்டு ஏறுனா நொம்ப நேரமாவுதுங்க. இப்படியே செஞ்சா வேலைக்கு வர வேண்டாம்னு மேஸ்திரி சொல்லிட்டாருங்க."

"உசுரு முக்கியமில்லையா தம்பி?"

அவர் பெல்ட்டைத் திண்ணையில் வைத்தார். உள்ளே படுத்திருந்த என் கணவர்தான் பேசினார்.

"அவனைத் திட்டாத புள்ள. நானும் அதுக்குத்தான் கழட்டுனேன்."

 காலையில் முருகேசன் அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகாதே என்றால் வேறு எந்த வேலைக்குப் போவார்? கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.