மருந்துக்குச் சாகாத புல்

என் அக்கா களை வளர்ப்பவள். ஊரெல்லாம் பிடுங்கி எறிவதைத் தட்டுகளில் விதைத்து, தண்ணீர் ஊற்றி ஆளாக்கி, பிறகு களைக்கொல்லி அடித்து எது பிழைக்கிறது என்று பார்ப்பதற்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குச் சம்பளம். அக்கம்பக்கத்தில் அவள் பெயரே களைக்காரி. எனக்கு அந்தப் பெருமையும் கிடையாது. வருடக்கணக்கில் நாடு நாடாய்ச் சுற்றிவிட்டு அவள் வீட்டு சோபாவில் ஒதுங்கியிருந்தேன்.

"சும்மா உக்காந்து திங்கறதுக்கு, வந்து தட்டுக்குத் தண்ணியாவது ஊத்துடி," என்றாள்.

போனேன். கண்ணாடிக் கூடத்தில் ஒரு தட்டு முழுக்கப் புல் கருகிக் கிடக்க, நடுவில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. அக்கா கூட்டத்துக்குப் போயிருந்தாள். உருப்படியாக ஏதாவது செய்து காட்டும் வேகத்தில் கருகியதையெல்லாம் வழித்துக் கொட்டினேன். பச்சையையும் வேரோடு பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். களை என்றால் பிடுங்க வேண்டும். அந்த அளவு விவசாய ஞானம் எனக்கு உண்டு.

திரும்பி வந்தவள் தட்டைப் பார்த்தாள். "இதுல ஒண்ணு நின்னுச்சே?"

"களைதானேக்கா. பிடுங்கிட்டேன்."

"அடிப்பாவி! வம்சத்தையே அறுத்துட்டியே! இந்தப் புல்லு விதையைக் கொடுத்த வயல்காரர் அடுத்த விதைப்புக்குள்ள பதில் கேட்டிருக்காரு. அதே மருந்தை அடிக்கலாமா, மாத்தணுமான்னு. அதோட பிள்ளைங்க மேல அடிச்சுப் பார்த்தாதான் தெரியும்."

"வருஷா வருஷம் அடிச்சதுல மருந்து பழகியிருக்கும்," என்றேன். உலக அனுபவம் பேசியது.

"பழகறதுக்கு அது என்ன நாய்க்குட்டியா? பிறவிடி! செடிக்குள்ள மருந்து போய் ஒட்டுற இடத்தை ஒரு மரபணு செய்யுது. அது கொஞ்சம் மாறிப் பிறந்தா மருந்து ஒட்டாது. மத்ததெல்லாம் சாகும், இது மட்டும் நின்னு பெத்துப் போடும். அப்புறம் வயலே அதோடதுதான்."

பேசிக்கொண்டே கூடையைக் கவிழ்த்து, துவண்டு கிடந்த புல்லை எடுத்து நட்டாள். "மருந்துக்கே சாகல. உன் கையாலயா சாகப்போகுது?"

சாகவில்லை. கதிர் விட்டதும், வேறு மகரந்தம் சேராமல் காகிதப் பை மாட்டினாள். விதை எடுத்து விதைத்தாள். முளைத்ததும் அதே மருந்தை அடித்தாள். தண்ணீர் மறுபடி என் பொறுப்பு. ஒரு மதியம் தூங்கிப்போய் ஊற்றவில்லை. அந்த வாரமே தட்டில் அங்கங்கே கருகத் தொடங்கியது. சாகாவரம் பெற்ற வம்சத்தையும் சாகடித்துவிட்டேனே என்று, ஊரைவிட்டுக் கிளம்ப என் துணிப்பையைக் கட்டிவிட்டு அவளிடம் போய் நின்றேன்.

அக்கா எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"நாலுல ஒரு பங்குதான்டி செத்திருக்கு! தாய்ப்புல்லுக்கிட்ட மாறின மரபணு ஒண்ணு, சாதாரணம் ஒண்ணு இருந்திருக்கு. மாறினது ஒண்ணு கிடைச்சாலே பிழைச்சுக்கும்; ரெண்டும் சாதாரணமா வாங்கின பிள்ளைங்கதான் போயிடுச்சு. பிறவியேதான்!"

"அப்போ நான் கொல்லலையா?"

"அதுக்கெல்லாம் திறமை வேணும்."

வயல்காரரை உடனே போனில் கூப்பிட்டாள். "மருந்தை மாத்துங்கய்யா. ஒரே மருந்தையே நம்பாதீங்க." அவர் என்னவோ கேட்டார். அக்கா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"உறுதிதாங்க. வேரோட பிடுங்கிக் குப்பையில போட்டும் பார்த்தாச்சு."