நின்றவரின் நாற்காலி

டிராயர் அக்காவின் வீட்டில் பழைய மரச்சாமான் எதுவும் முழுசாக இருந்ததில்லை. மேஜை இருந்தால் அதன் டிராயர் இருக்காது, கட்டில் இருந்தால் தலைமாட்டுப் பலகை இருக்காது. "இந்த வீட்டுல கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா என்னையும் அறுத்து செவுத்துல மாட்டிடுவா" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாய் ஓயாத மனிதர்.

அந்தப் பெயர் உட்பட எல்லாம் ஒரு டிராயரில்தான் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் கால் ஒடிந்த எழுதுமேஜையைக் குப்பையில் போட்டார்கள். அக்கா அதன் டிராயரை மட்டும் உருவிக்கொண்டு வந்து, துடைத்து, செங்குத்தாகச் சுவரில் மாட்டினாள். குறுக்கே ஒரு பலகை வைத்து, மகன் முதன்முதலில் போட்ட செருப்பையும் அப்பாவின் மூக்குக்கண்ணாடியையும் அதற்குள் அடுக்கினாள். பார்த்தவர்கள் எனக்கும் ஒன்று என்றார்கள். அப்புறம் நாற்காலி முதுகு, தொட்டில் கம்பி, பீரோ கதவு என்று அவரவர் வீட்டு உடைசல்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. யாருடைய ஞாபகமோ அந்த மரத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் வீட்டுச் சுவருக்குத் திரும்பிப் போகும். அறுத்ததில் மிஞ்சிய துண்டைக்கூட அக்கா எறியமாட்டாள். ஒரு பையில் போட்டு உரியவரிடமே கொடுத்துவிடுவாள்.

அதற்கு முன் அவள் ஒரு ஃபர்னிச்சர் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். "உக்காந்து பாருங்க சார், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிச் சொல்லியே பாதி வயது போய்விட்டது. அதனால் ஒரு நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் அதில் உட்கார்ந்தவரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். இவர் நுனியில் உட்காருகிற ஆள், இவருக்கு இடது பக்கம் சாய்கிற பழக்கம், இந்த அம்மா காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கைவேலை தெரிந்தவர்களுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

மரத்தில் புழங்கிய அடையாளம் எதையும் அவள் அழிக்கமாட்டாள். மைக்கறை, சூடான டம்ளர் வைத்த வட்டம், குழந்தை கடித்த பல்தடம் எல்லாம் அப்படியே இருக்கும். அடிபட்டது, ஒடிந்தது, பூச்சி அரித்தது, இவற்றை மட்டும்தான் சரிசெய்வாள். எது புழக்கம், எது சேதம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம் என்பாள். அந்தப் பிரிப்பில்தான் ஒருமுறை அவள் கோட்டைவிட்டாள்.

மூன்றாவது தெருவில் சலூன் வைத்திருந்தவர் இறந்துபோய், கடையைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. அவருடைய மகள் ஒரு சாக்குப்பையோடு வந்தாள். கடையில் இருந்த ஒரே நாற்காலியின் மெத்தை கந்தலாகிவிட்டது, இரும்புக் கால் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சியது முதுகுப் பலகையும் ஒரு மரக் கைப்பிடியும். இன்னொரு கைப்பிடி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் இரும்புக் குழாய்தான் இருந்ததாம்.

"அக்கா, எனக்கு வெளியூர்ல வேலை கெடைச்சிருக்கு. இந்த வாரமே கெளம்புறேன். தங்கப்போறது ஒரே ஒரு ரூம். அப்பா ஞாபகமா மடியில வெச்சு எடுத்துட்டுப் போற மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்க" என்றாள். கத்தரி, சீப்பு, பவுடர் பிரஷ், தண்ணீர் தெளிக்கிற பாட்டில், எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தாள். "வேற எதுவும் வேணாங்க்கா. இதுதான் அப்பா."

அக்கா முதுகுப் பலகையைப் பாதியாகக் குறைத்து நிற்க வைத்தாள். கத்தரியும் சீப்பும் தொங்க இரண்டு கொக்கி. கைப்பிடியைக் குறுக்கே படுக்க வைத்தால் அழகான தட்டு. ஆனால் கைப்பிடியின் பின்கோடியில், முதுகுப் பலகையை ஒட்டி, ஒரு குழி இருந்தது. சரியாகப் பாட்டில் நிற்க வேண்டிய இடம். வைத்தால் பாட்டில் ஆடியது.

அக்கா அந்தக் குழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உட்காருகிறவர் கை முன்பக்கம்தான் படும். அங்கே தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, அதை அவள் தொடவே இல்லை. ஆனால் பின்கோடியில், முழங்கைக்கும் பின்னால், எந்த மனிதன் கை வைப்பான்? வைக்க முடியாது. ஆகவே இது எங்கோ இடித்த பள்ளம்தான் என்று முடிவு கட்டினாள். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே நிறம் தடவினாள். குழி இருந்த இடம் அவளுக்கே தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் வந்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள், உண்மையாகத்தான் சொன்னாள். கத்தரியைத் தொட்டாள், பிரஷைத் தொட்டாள். பிறகு அவள் கை தானாகக் கைப்பிடியின் பின்கோடிக்குப் போயிற்று. பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி தடவினாள். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி விரல்கள் அங்குமிங்கும் போய்வந்தன.

"இங்க ஒரு குழி இருந்துச்சேக்கா?"

"ஆமாம்மா, எங்கயோ இடிச்ச குழி. அடைச்சிட்டேன். எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடி பாக்கலாம்!" அக்காவின் குரலில் பெருமை வழிந்தது.

அந்தப் பெண் கையை எடுக்காமல் நின்றாள்.

"அது இடிச்ச குழி இல்லக்கா. அப்பா கை" என்றாள் கடைசியில். "அவருக்கு முட்டி வலி. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாரு. கத்தரிய கீழ வெச்சுட்டு யார்கிட்டயாவது பேசுறப்ப எல்லாம், பின்னால நின்னபடியே இங்கதான் கைய ஊன்றிக்குவாரு. மொத்த பாரமும் இதுலதான். ஸ்கூல் விட்டு வந்து நான் நாற்காலில உக்காந்து எழுதுவேன். கைய பின்னால நீட்டினா அப்பா கை இருக்கும். போட்டோவுல முகம் இருக்குக்கா. கை எங்கயும் இல்ல."

அக்கா ஆயுசு முழுக்க உட்கார்ந்தவர்களையே பார்த்துவிட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றே தேய்ந்துபோன மனிதர் ஒருவர் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வந்து எடுத்துட்டுப் போம்மா. நான் பாக்குறேன்" என்றாள். பார்க்கிறேன் என்றாளே தவிர, நம்பிக்கை இல்லை. பசை மரத்தைப் பிடித்திருந்தால் உளி வைத்துத் தோண்ட வேண்டும். தோண்டினால் குழி வரும், ஆனால் அது அவள் தோண்டிய குழியாகத்தான் இருக்கும்.

கணவர் சாப்பிடக் கூப்பிட்டார். போகவில்லை. வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, அடைத்த இடத்தின்மேல் போட்டாள். ஆற ஆற மாற்றினாள். விளிம்பு இளகியதும் மெல்லிய கத்தியை உள்ளே விட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு லேசாக நெம்பினாள்.

அடைப்பு முழுசாகக் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அடியில் குழி அப்படியே இருந்தது. கறுத்து, மினுமினுத்து, விளிம்பில் மட்டும் உப்புத்தாள் கீறியிருந்தது. எத்தனையோ தலைகளின் எண்ணெய் அந்தக் கை வழியாக இறங்கி மரத்தில் ஊறியிருக்கிறது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை எங்கே ஒட்டும்? அடைக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் கெட்டியாகப் பிடித்திருக்கும். வழக்கமாகத் துடைப்பாள். அன்றைக்கு வீட்டில் ஸ்பிரிட் இல்லை.

"ஏங்க, ஸ்பிரிட் வாங்கிட்டு வரச் சொன்னேனே, மறந்துட்டீங்களே" என்றாள்.

"அதுக்குத்தான் அன்னிக்கே திட்டி முடிச்சிட்டியே, மறுபடியும் என்ன?"

"திட்டல. நல்லா இருங்க."

அவர் பயந்துபோய் எழுந்து வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவள் கண்ணீரோடு சிரித்தாள். அந்தக் குழியில் தன் கையை வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது, வைக்கவில்லை. அது அவளுக்கான இடம் இல்லை.

காலையில் மகள் வந்தபோது பாட்டில் வேறு பக்கம் மாறியிருந்தது. பின்கோடி காலியாக இருந்தது. அந்தப் பெண் குழியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா பலகையைத் துணியில் சுற்றிக் கொடுத்து, வழக்கம்போல மிச்சத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். கழன்று வந்த அடைப்பும் அதில் இருந்தது.

"இது என்னக்கா?"

"நான் தப்பா அடைச்சது. உங்கப்பா கை இத்தன வருஷமா தேய்ச்சு எடுத்த மரம் எவ்வளவோ, இது அவ்வளவு. தூக்கிப்போட மனசு வரல."

அந்தப் பெண் அதை உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

கணவர்தான் வேனில் அவளை பஸ் நிலையத்தில் கொண்டு விட்டார். திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினார், தண்ணீர் குடித்தார். ஏதாவது கேலி வரும் என்று அக்கா காத்திருந்தாள். 

"கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேன்" என்றார். "துணியப் பிரிச்சு மடியில வெச்சுக்கிட்டா. எறங்குற வரைக்கும் அந்தக் குழியில இருந்து கைய எடுக்கவே இல்ல."