நெஞ்சைத் தவிர மற்றதெல்லாம்

ஊரிலிருந்து வருகிற அம்மா அப்பாமாருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுக்கிற கந்தோரில் வேலை செய்பவளுக்கு, முன்பின் கண்டிராத ஆட்களின் மலச்சிக்கல் வரைக்கும் தெரிந்திருக்கும், முகம்தான் தெரியாது.

இலங்கையில் சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து சனம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்த காலம். ரொறன்ரோவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே எண்ணம்தான், அம்மாவை ஒருக்கால் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அரசாங்கமும் பெற்றோருக்கென்று நீண்டகால விசா ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் கனடாக் கம்பனி ஒன்றில் ஒரு வருஷத்துக்காவது மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் விசா இல்லை. இந்த நிபந்தனையோடு அடிபட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பட்ட பாட்டை நான் இந்தப் பக்கம் இருந்து பட்டேன்.

எங்கள் கந்தோர் ஸ்காபரோவில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருந்தது. முகவர் ரவி தம்பிக்கு என் மூத்த மகனின் வயது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வயதானவர்களோடு பொறுமையாகக் கதைப்பேன் என்று என்னை ரெலிபோனில் இருத்தினார். காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டு, திருநீற்றைப் பூசிக்கொண்டு இருந்தேன் என்றால் எந்தக் கம்பனிக்காரனோடும் பயமில்லாமல் கதைப்பேன்.

எந்த வருத்தம்?

முதல் கிழமையே என்னை மடக்கியது ஒரு சொல். பிக்கரிங்கிலிருந்து ஒரு தம்பி வந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை, மதுரையிலிருந்து தாயைக் கூப்பிடுகிறார். நான் வழக்கம்போல, "அம்மாவுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ, தம்பி?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "இருக்குங்க ஆன்ட்டி. நிறையவே இருக்கு," என்றார். நான் பேனையை எடுத்தேன்.

"அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு ஒரு வருத்தம். நான் இங்கயே தங்கிடுவேனோன்னு இன்னொரு வருத்தம்."

"டொக்டரிட்டைக் காட்டினவவோ?"

"இதுக்கெல்லாம் எதுக்குங்க டாக்டர்?"

உள்ளேயிருந்த ரவி தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அன்ரி, அவையளுக்கு வருத்தமெண்டால் மனக்கவலை. நோய் இருக்கோ எண்டு கேளுங்கோ." கேட்டேன். நோய் ஒன்றும் இல்லை. அலுவல் சுகமாக முடிந்தது. அந்தத் தம்பி போகும்போது கதவடியில் திரும்பி நின்று கேட்டார்: "ஆன்ட்டி, நான் முதல்ல சொன்ன வருத்தத்துக்கு எந்தக் கம்பெனியாவது இன்சூரன்ஸ் தருதா?"

கதிரைகளில் நடந்த வழக்கு

எங்கள் கந்தோரில் காத்திருக்கிற கதிரைகள் பாராளுமன்றத்தை விட மோசம். ஒரு சனிக்கிழமை ரக்ஸி ஓடுகிற செல்வம் அண்ணையும், யூனியன்வில்லிலிருந்து வந்த கணக்காளர் அக்கா ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டார்கள்.

"ஹெல்த் கார்ட்டைக் காட்டினால் காணும், பிரதமருக்கும் எனக்கும் ஒரே வைத்தியம் எண்டு இந்த நாடு பெருமை பேசுது," என்று அண்ணை தொடங்கினார். "என்ரை அம்மா வரேக்கை மட்டும் கம்பனிக்காரனிட்டைப் போ எண்டுது. உது என்ன நியாயம்?"

"அம்மா இஞ்சை ஒரு நாளும் வரி கட்டேல்லை அண்ணை. வந்து விழுந்தால் ஆர் கட்டுறது? நீங்களும் நானும்தானே?"

"அப்ப அரசாங்கமே விக்கட்டுமன். நான் அரசாங்கத்துக்குக் கட்டுறன். ஏன் கம்பனிக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குது?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஆர் வித்தாலும் கட்டாயம் வேணும். கட்டாயமில்லையெண்டால் வருத்தக்காரர் மட்டும்தான் வாங்குவினம். சுகமானவையும் வாங்கினால்தான் கட்டுப்படியாகும்." அண்ணை என்னைப் பார்த்து, "அன்ரி, நீங்கள் சொல்லுங்கோ, சரியோ பிழையோ?" என்று கேட்டார். இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் எனக்குப் பட்டது. தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டு எழும்பிவிட்டேன். பின்னால் அண்ணையின் குரல் வந்தது: "அமெரிக்காவிலை கட்டாயப்படுத்தினால் வாங்கமாட்டம் எண்டு கோட்டுக்குப் போயிருக்கிறாங்கள், நாங்கள் இஞ்சை நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கக் காத்திருக்கிறம்!"

நாக்குக்குக் கீழே

மோகன் வந்தது அதற்குப் பிறகு. அஜக்ஸில் வீடு, பாண் செய்கிற தொழிற்சாலையில் வேலை. சின்ன வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர், அதன் பிறகு தாயை நேரில் கண்டதில்லை. தாய் பாக்கியம் அம்மா வன்னியில் கடைசிவரை இருந்து, முகாமுக்குப் போய், இப்போது யாழ்ப்பாணத்தில் தன் தங்கை வீட்டில் இருந்தார். மோகனின் மனைவி சுகந்திக்கு முதல் பிள்ளை வயிற்றில். பிள்ளை பிறக்கும்போது அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

"அம்மாவுக்கு வருத்தம் ஒண்டுமில்லை அன்ரி," என்றார். "சீனி கொஞ்சம், பிரஷர் கொஞ்சம், அவ்வளவுதான். இடைக்கிடை வாய்வு." சீனியையும் பிரஷரையும் எங்கள் சனம் வருத்தத்தில் சேர்ப்பதில்லை. அவை வீட்டு ஆட்கள் மாதிரி. ஆனால் வாய்வு என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். ஊருக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, "வாய்வு வந்தால் என்னம்மா செய்வீங்கள்?" என்று அம்மாவிடமே கேட்டேன்.

"நெஞ்சைப் பிடிச்சு இறுக்கும் பிள்ளை. இடக்கை உளையும். முகாமிலை டொக்டர் தந்த சின்னக் குளிசையை நாக்குக்குக் கீழை வைப்பன். அடங்கிப் போடும்."

என் வீட்டுக்காரரும் அந்தக் குளிசையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறவர். அது வாய்வுக்குக் கொடுக்கிற குளிசை இல்லை. மோகனுக்கும் விளங்கிவிட்டது. வெளிறிப்போய் என் காதடியில் குனிந்து, "அன்ரி, வாய்வெண்டே போடுங்கோ. கிளறாதேங்கோ," என்றார். நான் தலையாட்டவில்லை. குடும்பத்தில் யாருக்கு என்ன, எப்போது ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள், என்ன குளிசை என்று மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன அம்மா கடைசியில் தான் ஒன்று கேட்டார்: "இவ்வளவு கேள்வி கேக்கிற உந்தக் கம்பனியிட்டை ஆரும் ஒரு கேள்வி கேக்கிறதில்லையோ பிள்ளை?"

தவிர

பொய்யைப் போட்டால் என்ன நடக்கும் என்று மோகனை இருத்தி வைத்துச் சொன்னோம். விசா வரும், அம்மாவும் வருவார். ஆனால் நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பனி டொக்டர் எழுதின பழைய மருந்துத் துண்டெல்லாம் தேடி எடுத்து, மறைச்சுப் போட்டீர்கள் என்று கையை விரித்துவிடும். பிறகு அஜக்ஸ் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும். "சாமி படத்துக்கு முன்னாலை இருந்துகொண்டு என்னாலை பொய் போட ஏலாது மோகன்," என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, உண்மையைப் போடுங்கோ," என்றார்.

உண்மையைப் போட்டோம். கம்பனி பதில் அனுப்பியது: இன்சூரன்ஸ் தருகிறோம், நெஞ்சு வருத்தத்தைத் தவிர. காய்ச்சல் வரலாம், கால் முறியலாம், நாய் கடிக்கலாம், எல்லாவற்றுக்கும் பணம் தருவார்கள். நெஞ்சுக்கு மட்டும் இல்லை. இதிலே வேடிக்கை என்னவென்றால், விசாவுக்கு அந்தப் பத்திரமே போதும். சட்டம் கேட்டது பத்திரம்தான், அதில் நெஞ்சு இருக்கா என்று அது பார்க்கவில்லை. மோகன் ரவி தம்பியைப் பார்த்தார். "அப்ப அம்மாவை நெஞ்சை ஊரிலை வைச்சிட்டு வரச் சொல்லுறானோ?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கதிரையில் இருந்து வழக்குப் பேசினவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவர்தான் சொன்னார்: "என்னை வாங்கச் சொல்லிச் சட்டம் இருக்கு அன்ரி, அவனை விக்கச் சொல்லி ஒரு சட்டம் இல்லையோ?"

ஸ்டேபிள்

நெஞ்சில்லாத பத்திரத்தை மோகன் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அன்றே அலுவல் முடிந்திருக்கும். ரவி தம்பி கம்பனி கம்பனியாகத் தேடினார். நான் வெள்ளிக்கிழமை விரதத்தில் பாக்கியம் அம்மாவின் பேரையும் சொல்லிக் கும்பிட்டேன். கடைசியில் ஒரு கம்பனி நெஞ்சையும் சேர்க்கச் சம்மதித்தது. விலை கூட. மோகன் சனிக்கிழமையும் வேலை செய்து கட்டுகிறேன் என்றார். ஆனால் கம்பனிக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வருத்தம் 'ஸ்டேபிளாக' இருக்க வேண்டும். அதாவது கூடவும் கூடாது, குளிசையை மாற்றியிருக்கவும் கூடாது. டொக்டர் ஒருவர் பார்த்துக் கடிதமும் தர வேண்டும்.

திரும்பவும் ஊருக்கு எடுத்தேன். "அம்மா, வருத்தம் நிலையா இருக்கோ எண்டு கேக்கினம்," என்றேன். அந்தப் பக்கத்தில் மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா சொன்னதைக் கேட்டு ரவி தம்பி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். ஆறு ஏழு இடம் மாறி, பங்கருக்குள் இருந்து, முகாமுக்குள் இருந்து வந்த மனுசி சொன்னது இதுதான்: "நான் ஓர் இடத்திலை நிலையா இருந்து கனகாலம் பிள்ளை, ஆனா குளிசை அதே குளிசைதான், மாத்த ஆர் இருந்தவை?"

மிச்சம் பிடித்த இன்சூரன்ஸ்

டொக்டரின் கடிதமும் வந்தது, விசாவும் வந்தது, பாக்கியம் அம்மாவும் வந்துவிட்டார். விமான நிலையத்திலிருந்தே மோகன் போன் எடுத்து, "அன்ரி, அம்மா என்னை அடையாளம் கண்டிட்டா!" என்று கத்தினார். நல்லபடி முடிந்தது என்று நான் இருந்த நேரத்தில், ஒரு நாள் மத்தியானம் சுகந்தி கந்தோருக்குப் போன் அடித்தாள். மோகன் வேலையில். மாமிக்கு வேர்த்து ஊத்துது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருக்கிறா. அம்புலன்ஸ்காரர் வந்து வீட்டுக்குள்ளே நிற்கிறார்கள், மாமி வரமாட்டேன் என்கிறா. "நான் சொன்னால் கேக்கிறா இல்லை அன்ரி. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ," என்று அழுதபடி போனைக் கொடுத்தாள்.

"ஏனம்மா போகமாட்டன் எண்டுறீங்கள்?"

"சும்மா இறுக்கம் பிள்ளை. இதுக்குப் போய் இன்சூரன்ஸைப் பாவிக்கிறதே? முகாமிலை சாமான் எடுத்து நிவாரண அட்டையிலை வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப வராது. இப்ப எனக்கு வெட்டிப்போட்டால், இவள் பிள்ளை பெறேக்கை என்ன செய்யிறது?"

மனுசி தன் நெஞ்சுக்கு எடுத்ததை மருமகளின் பிரசவத்துக்கென்று மிச்சம் பிடிக்கிறார்! பிள்ளையாரே, எனக்கு ஒரு சொல்லைத் தா என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, இது அட்டை இல்லை. சுகந்திக்கு அரசாங்கக் கார்ட் இருக்கு. இது உங்கடை பேரிலை எடுத்தது, வேறை ஒருத்தருக்கும் குடுக்கேலாது. நீங்கள் பாவிக்காட்டில் வருஷம் முடியக் கம்பனிக்காரன் முழுக்காசையும் தான் எடுத்துக்கொண்டு போவான்."

"முழுக்கவோ?"

"முழுக்க அம்மா. ஒரு சதம் திருப்பித் தரமாட்டான்."

மூச்சு வாங்க வாங்க, எனக்கில்லை, சுகந்திக்குச் சொன்னார்: "பிள்ளை, என்ரை செருப்பை எடு."

கந்தோருக்கு வந்த அம்மா

ஆஸ்பத்திரியில் அடைப்பு என்று கண்டுபிடித்து, அன்றைக்கே சின்னக் குழாய் ஒன்று வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டொக்டர் மோகனிடம் சொன்னாராம். கம்பனி ஊரில் இருந்த மருந்துத் துண்டு வரைக்கும் கேட்டது. கேட்டதெல்லாம் நாங்கள் முதலே சொன்னதுதான். முணுமுணுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் காசைக் கட்டியது. ரவி தம்பி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நான் பிள்ளையாருக்கு ஒரு பூ வைத்தேன்.

பேத்தி பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு பாக்கியம் அம்மா மோகனோடு எங்கள் கந்தோருக்கு வந்தார். இத்தனை நாளும் குரலாக இருந்தவர் அப்போதுதான் ஆளாக வந்தார். சின்ன உருவம், பெரிய பொட்டு, மகனின் குளிர்ச்சட்டைக்குள் பாதி ஆள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். காத்திருந்த சனம் எழும்பி அவருக்குக் கதிரை கொடுத்தது. அவர் அதில் இருக்கவில்லை. என்னை ஒரு பக்கமாக இழுத்து, மோகனுக்குக் கேட்காமல், மெல்லிய குரலில் கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது போக அதிலை மிச்சம் இருக்கோ பிள்ளை, இருந்தால் நான் இனித் தொடாமல் பத்திரமா வைச்சிருக்கிறன்."

வாங்கத்தான் வேண்டும் என்று எந்த அரசாங்கமும் சட்டம் போடலாம், ஆனால் வாங்கினதைப் பாவிக்கத்தான் வேண்டும் என்று எங்கள் அம்மாமாருக்குச் சட்டம் போட்டு வெல்ல இன்னும் ஓர் அரசாங்கம் பிறக்கவில்லை.