செம்மறித் தராசும் ஒற்றை ஷூவும்

தராசு ரிப்பேர்காரனை யாரும் ஆசையாகக் கூப்பிடுவதில்லை. எடை தப்பினால்தான் அவன் நினைப்பு வரும். ஊர் ஊராகச் சுற்றிப் பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்கு இது தெரியாததா? எண்பதுகளில் டெக்சாஸின் ரிச்சர்ட்சன் நகரத்தில் ஒரு தராசு கம்பெனியில் இருந்தேன். மேற்கு டெக்சாஸின் செம்மறிப் பண்ணைகள் என் ஏரியா. மனைவி வசந்தி விசாவுக்காகத் திருச்சியில் காத்திருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் நானும் காரும்தான். 'சாப்பிட்டியா' என்று கேட்க ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கிப்போயிருந்தேன்.

நாலு பவுண்டு

ஆட்டுத் தராசைச் சரிசெய்ததும் கடைசிச் சோதனையாக நானே கூண்டுக்குள் ஏறி நிற்பேன். ஒரு பண்ணையில் முள் போன தடவையைவிட நாலு பவுண்டு குறைத்துக் காட்டியது. கோளாறு என்று நினைத்து மறுபடி கழற்றி மாட்டினேன். அதே எடைதான். வேலியில் சாய்ந்திருந்த பண்ணைக்காரர் சொன்னார்:

"தராசை விடுங்க. என் ஆடு இப்படி இளைச்சா, மந்தையை விட்டுப் பிரிஞ்சிருக்கான்னுதான் முதல்ல பார்ப்பேன்."

ஃபோன் புக்

மோட்டல் அறைக்குள் போனதும் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? ஃபோன் புக்கைப் புரட்டி, சுப்பிரமணியன், ராமசாமி என்று யாராவது அகப்படுகிறார்களா என்று பார்ப்பதுதான். அகப்பட்டால் முன்பின் தெரியாதவருக்கும் ஃபோன் போடுவோம். அவரும் "உடனே சாப்பிட வாங்க" என்பார்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து உண்டாக்கிய நகரம் ஒன்றில் இதைச் செய்தேன். பக்கம் பக்கமாக 'மெக்' என்று தொடங்கும் பெயர்கள். நம் பெயர் ஒன்றுகூட இல்லை. என் அறைப் புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்குமோ என்று, காலையில் வரவேற்பறைப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தேன். என்ன தேடுகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மேனேஜர் சிரிக்கவில்லை.

"எங்க கொள்ளுத்தாத்தா கப்பல்ல வந்திறங்கி, கல்லறைக் கல்லுல சொந்த ஊர்ப் பேரைத் தேடினாராம். உங்களுக்கு ஃபோன் புக்காவது இருக்கு."

ஒற்றை ஷூ

அந்த நகரத்துக்கு வெளியே ஆக்னஸ் என்ற கிழவியின் பண்ணை. கணவர் போய்ச் சேர்ந்தபின் தனியாக ஆடு வளர்த்தாள். ரசீதில் கையெழுத்து வாங்க வீட்டுக்குள் போனபோது, பழக்கதோஷத்தில் ஷூவை வாசலில் கழற்றிவிட்டேன். திரும்பி வந்தால் ஒன்றுதான் இருந்தது. மற்றதை அவளுடைய நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஆக்னஸ் கணவரின் பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள். ஷூ கிடைத்தால் ஃபோன் பண்ணுகிறேன் என்று என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

பூட்ஸைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருநூறு மைலுக்கு மேல் டிரைவ் பண்ணிப் போய், "இந்தப் பக்கம் ஒரு வேலை" என்று புளுகினேன். அவள் முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?" சாப்பாடு முடிந்ததும் அலமாரியைத் திறந்தாள். என் ஷூ பாலிஷ் போட்டு உட்கார்ந்திருந்தது.

"நீ போன அரை மணியிலேயே கிடைச்சிடுச்சு. ஃபோன் பண்ணியிருந்தா, பூட்ஸைத் தபால்ல அனுப்பியிருப்பே."

எத்தனையோ தராசுகளைச் சரிசெய்திருக்கிறேன், ஆனால் இரண்டு தட்டும் இம்மி பிசகாமல் நின்றது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருடைய புளுகிலும்தான்.