துண்டு போட்ட வகுப்பு

அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பஸ்ஸில் ஏறினால் முதலில் தலைகளை எண்ணுவேன். முகங்கள் அப்புறம்தான் கண்ணில் படும். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. கோயிலில், சாவு வீட்டில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் எண்ணுகிறேன். எண்ணி முடித்ததும் அநேகமாக எரிச்சல்தான் வருகிறது, கணக்கு எங்கேயும் சரியாக இருப்பதில்லை என்பதால்.

போன ஆனியில் என் பேத்திக்காக உத்திரமேரூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வாசலில் நின்றேன். பெயர் வேண்டாம். அவளுக்கு பி.காம். வேண்டும். பி.காமைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். சரித்திரத்தில் இடம் இருந்தது, கணிதத்தில் தாராளமாக இருந்தது. தமிழுக்கு ஆளே இல்லை. ஆனால் ஊரில் உள்ள அத்தனை பெண்களும் பையன்களும் பிறக்கும்போதே பி.காம். படிக்கத் தீர்மானித்துவிட்டுப் பிறந்தவர்கள்போல ஒரே ஜன்னலில் முண்டிக்கொண்டிருந்தார்கள்.

அறுபது சீட்டும் முடிந்துவிட்டது. என் பேத்தி காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள். அதாவது அறுபத்தோராவது ஆள்.

இதில் என் மகன் வேறு ஒரு கெடு வைத்திருந்தான். "ஆடி பொறக்கறதுக்குள்ள சீட்டு கெடச்சா படிக்கட்டும். இல்லன்னா கம்பெனி வேன்ல ஏறட்டும். சரித்திரம் படிச்சி இன்னா பண்ணப் போறா?" என்றான். செல்போன் செய்யும் கம்பெனியின் வேன் விடிவதற்கு முன்னால் எங்கள் ஊர் ஆலமரத்தடிக்கு வரும். அதில் ஏறும் பெண்கள் தூங்கிக்கொண்டே ஏறுவார்கள், தூங்கிக்கொண்டே இறங்குவார்கள். என் பேத்தி அந்த வேனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் வகுப்பில் இருந்த இரண்டு பேர் ஏற்கெனவே அதில் போகிறார்கள். "அதுங்க இப்ப பேசறதே இல்ல தாத்தா. மெஷின் மாதிரி ஆயிட்டாளுங்க" என்றாள்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு சூப்பிரண்டு. கனத்த ஆள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஏழு சாமி படங்களை வைத்துக்கொண்டு ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொல்லும் கலையில் தேர்ந்தவர். அவர் முன்னால் கட்சிக்காரர்களின் லெட்டர்பேடோடு ஒரு கூட்டம். நான் எண்ணியபோது பதினான்கு பேர், நான்கு கட்சி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பானையில் ஓலையைப் போட்டு ஆள் எடுத்த ஊர் என்று மேடைக்கு மேடை பீற்றிக்கொள்கிற ஊர் இது. கல்வெட்டைச் செதுக்கினவன் இந்தப் பதினான்கு பேரைப் பார்த்திருந்தால் உளியை ஏரியில் எறிந்துவிட்டுப் போயிருப்பான்.

"ஃபுல்லு பெரியவரே" என்றார் சூப்பிரண்டு, என் பக்கம் பார்க்காமலே.

"ஒரே ஒரு சீட்டு சார்."

"எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ரெண்டு கேக்கறவங்க யாரும் வர்லியே."

பக்கத்தில் நின்ற லெட்டர்பேடுகள் சிரித்தன.

வகுப்பு தொடங்கிய அன்றும் போனேன். பேத்தி வரமாட்டேன் என்று கெஞ்சினாள், இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் புது மாணவர்களை வரவேற்று ஒரு பேனர். அதில் சீனியர் பையன்கள் ஒன்பது பேர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஏதோ சண்டைக்குப் போகிறவர்கள்போல நின்றார்கள். பி.காம். முதலாம் ஆண்டு வகுப்பு கீழ்த்தளத்தில். ஜன்னல் திறந்திருந்தது. எண்ணினேன். இருபது பெஞ்சு, பெஞ்சுக்கு மூன்று பேர். அறுபதுக்கு இடம் சரி. ஆனால் தலைகள் நாற்பத்தொன்பது. நம்பாமல் பின் வரிசையிலிருந்து திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்பதுதான்.

நேராக சூப்பிரண்டிடம் போனேன். "பதினோரு பேரு இல்ல சார்."

"வருவாங்க."

"எப்ப?"

"பரீட்சைக்கு."

"வகுப்புல எடம் காலியா கீது. நீங்க ஃபுல்லுன்றீங்க."

முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பேரு கீதில்ல? அப்ப சீட்டு ஃபுல்லு. ஆளு உக்காந்தா இன்னா, உக்காரலன்னா இன்னா? அவங்களா வந்து டி.சி. கேட்டு வாங்கிக்கினு போனாதான் காலி. நானா போயி வூட்டு வூட்டுக்குக் கதவத் தட்ட முடியும்?"

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. இது எனக்குத் தெரியாத தொழில் அல்ல. பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டையும் கைக்குட்டையையும் எறிவார்களே, அதுதான். நிற்க முடியாத கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுவாள். பக்கத்தில் துண்டு சொகுசாக உட்கார்ந்து வரும். கேட்டால், "ஆளு வருது" என்பார்கள். ஆள் டீக்கடையில் நிற்பான். இங்கேயும் பதினோரு துண்டுகள். பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன் இங்கே ஒரு துண்டு, நர்சிங் போனவள் ஒரு துண்டு, கம்பெனியில் சேர்ந்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துண்டு. என் பேத்தி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் சூப்பிரண்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மரத்தடியில் நாலு பெண்களோடு பேசி, வராத பதினோரு பேரில் ஒருத்தியைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தாள். திருப்புலிவனத்துப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்து, இந்த வருஷம் சேர்ந்தவள். ஆவணியில் கல்யாணம்.

"கல்யாணம் பண்ணிக்கப் போறவளுக்கு சீட்டு எதுக்கு?" என்றேன்.

"அத அவகிட்டப் போயி கேளு" என்றாள் பேத்தி.

கேட்கலாம் என்றுதான் போனேன். மறுநாள் காலை பேத்தியோடு திருப்புலிவனம். பெண்ணின் அப்பா டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். அந்த மாதிரி ஆட்களிடம்தான் எனக்குப் பொறுமை குறைவு. கூடம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். பெண்ணின் அம்மா ஒவ்வொரு பத்திரிகைக்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பெண் வரப்போவதில்லை, என் பேத்தி முதல் ஆளாகக் காத்திருக்கிறாள், ஒரு நடை வந்து டி.சி. வாங்கிக்கொண்டால் ஒரு பெண் படிப்பாள்.

அந்த அம்மாள் பதறிப்போனாள். "ஐயோ, டி.சி.யா? அது எப்படி சார் வாங்கறது? பத்திரிகை அடிச்சாச்சே!"

பத்திரிகைக்கும் டி.சி.க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மணமகன் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. மணமகள் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் பி.காம்.

"ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகாத பொண்ணுக்கு பி.காமா?" என்றேன்.

"சேந்துக்கீதே சார்!" என்றார் அப்பா. "மாப்ள இன்ஜினீரு. நம்ம பொண்ணு பேரு மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான சேத்தோம். டி.சி. வாங்கிட்டா அப்பால இது பொய்யாப் பூடும். எண்ணூறு பத்திரிகை. இன்னொரு தபா அடிக்கணும்."

இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததில்லை. பெயர் பட்டியலில் இருக்கும்வரை பட்டம் உண்மை; பெயரை எடுத்துவிட்டால் பொய். மூன்று வருஷப் படிப்பு, பரீட்சை, இதெல்லாம் கணக்கிலேயே இல்லை. அரை டிக்கெட்டில் மீசை வைத்த பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

எனக்குப் பழைய குரல் வந்துவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனிடம் பேசும் குரல். அதோடு கூசாமல் ஒரு பொய்யும் வந்தது. "தெரிஞ்சிக்குங்க. தொடர்ந்து பத்து நாள் வரலைன்னா காலேஜ்காரனே பேர அடிச்சிடுவான். நோட்டீஸ் போர்டுல ஒட்டுவான். மாப்பிள்ளை வீட்டுல யாராவது அதப் படிச்சாங்கன்னா உங்க பத்திரிகை கதி என்ன? அதுக்கு முன்னால கௌரவமா நீங்களே டி.சி. வாங்கிடுங்க."

அம்மாளின் மஞ்சள் விரல் அப்படியே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நல்ல நேரத்துல வந்து சொன்னீங்க சார்" என்றார் அப்பா, இரண்டு கையையும் கூப்பி. "பத்து நாள் கணக்கு எங்களுக்குத் தெரியாதே. நாளைலேர்ந்தே அனுப்பிடறேன்."

சமையலறை நிலைப்படியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என் பேத்தியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மோர் கொடுத்தார்கள். பத்திரிகையும் கொடுத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "சீட்ட காலி பண்ணப் போன. அம்பதாவது ஆள நீயே கூட்டியாந்து உக்கார வச்சிட்ட தாத்தா."

மறுநாள் எண்ணினேன். ஐம்பது. மூன்றாவது பெஞ்சில், புதுப் பையோடு, அந்தப் பெண். கவனமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதாமல் என்ன செய்வாள்? வீட்டில் உட்கார்ந்து மஞ்சள் தடவுவதைவிட இது தேவலை.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் வேன் டிரைவரிடம் பேசிவிட்டு வந்தான். பேத்திக்குக் கம்பெனி அடையாள அட்டைக்காகப் போட்டோ எடுக்க வேண்டும் என்றான். அவள் அன்று சாப்பிடவில்லை. நான் எல்லாரையும் திட்டினேன்: மகனை, சூப்பிரண்டை, டிராக்டர்காரரை, பி.காமை. ஒரு பயனும் இல்லை.

பயன் திருப்புலிவனத்துப் பெண்ணிடமிருந்து வந்தது. அதுவும் தர்மத்துக்கு இல்லை. மாப்பிள்ளை வீடு வாலாஜாபாத்தில். கல்யாணத்துக்கு அப்புறம் பஸ்ஸில் துணைக்கு ஒரு பெண் இருந்தால்தான் காலேஜுக்கு அனுப்புவோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். வாலாஜாபாத் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது. வகுப்பில் அந்தத் தடத்தில் வருகிறவர்கள் எல்லாரும் பையன்கள். என் பேத்தி சேர்ந்தால் அவளுக்குத் துணை. சேராவிட்டால் அவள் படிப்பு ஆவணியோடு சரி. இதை அந்தப் பெண் தானாகவே கணக்குப் போட்டிருக்கிறாள். மூளை இருந்திருக்கிறது. பத்திரிகையில் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் பி.காம். என்று போட்டுவிட்டார்கள்.

வராத பத்துப் பேரில் ஒருத்தி அவளுடைய சித்தப்பா மகளாம். செங்கல்பட்டில் நர்சிங் சேர்ந்துவிட்டு, ஊசி போட பயமாக இருந்தால் திரும்பி வரலாம் என்று இங்கே துண்டு போட்டு வைத்திருந்தாள். கல்யாணப் பெண் அவளுக்குப் போன் போட்டாள். பேத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஊசி போட்டுட்டியா? அழுவலையே? அப்ப உன் துண்ட எடுடி. நாளைக்கு சித்தப்பாவ இட்டுக்கினு வந்து டி.சி. வாங்கு. இல்லன்னா என் கல்யாண போட்டோவுல நீ என் பக்கத்துல நிக்க மாட்ட, சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். நான் வெயிலில் நின்று தொண்டை காயப் பேசியும் நகராத சீட்டு ஒரு போட்டோவில் எங்கே நிற்பது என்பதற்காக நகர்ந்தது. சித்தப்பா வந்தார், டி.சி. வாங்கினார். சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, ஏதோ அவரே தோட்டத்தில் விளைவித்த சீட்டைப் பறித்துக் கொடுப்பதுபோல, "போங்க பெரியவரே, சந்தோசமா?" என்றார். மகனிடம் சொன்னேன். "சரி" என்றான். டிரைவரிடம் போய்ச் சொல்லவும் என்னைத்தான் அனுப்பினான்.

பேத்தி சேர்ந்த நாளில் ஐம்பத்தொன்று. அதற்குமேல் அந்த வகுப்பு ஏறவே இல்லை. நாலு நாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஐந்தாம் நாள் பேத்தி வெளியே வந்து, "நீ போ தாத்தா. புரொபசர் உன்ன இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர்னு நெனச்சிக்கினு பாடம் நடத்தறாரு. பசங்க என்னைத் திட்டறாங்க" என்று துரத்திவிட்டாள்.

ஆவணியில் கல்யாணம். மண்டப வாசலில் இருபது அடி பேனர். மணமக்களுக்குக் கீழே 'வாழ்த்தும் பி.காம். தோழமைகள்' என்று வட்ட வட்டமாக முகங்கள், கல்யாணப் பெண்ணுக்கும் சேர்த்து ஒரு வட்டம். எண்ணினேன். அறுபது. என் பேத்தியும் ஒரு வட்டத்துக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பெயருக்குப் பக்கத்தில், சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத கழுதைக்கு, அடைப்புக்குறிக்குள் பி.காம்.

மாடியில் பந்தி. மேலே ஏறிப் பார்த்தால் ஜன்னலோரம் இரண்டு வரிசை முழுக்க அந்த வகுப்பு. பாலிடெக்னிக் போனவன், கம்பெனி வேனில் போகிறவள், வீட்டில் சும்மா இருப்பவன், அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் கூப்பிட்டிருக்கிறாள். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு ஒருவன்கூடக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வகுப்பு நிறைந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

எனக்கு இடமில்லை. "அடுத்த பந்தி பெரியவரே" என்றான் பரிமாறுகிறவன். அடுத்த பந்திக்கு இருக்கிற ஒரே வழி, சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் போய் அதன் முதுகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அநாகரிகம். அவன் ஒவ்வொரு கவளத்தையும் நாம் எண்ணுவோம். அவன் முதுகு அதை உணரும். அந்தக் கூடத்தில் அப்படி இருபத்திரண்டு பேர் நின்றார்கள். நானும் நின்றேன். யார் நாற்காலி என்று பார்க்காமல் நின்றுவிட்டேன்.

பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த கனத்த முதுகு திரும்பியது. சூப்பிரண்டு.

"இன்னா பெரியவரே, இங்கயும் வெயிட்டிங் லிஸ்ட்ல மொத ஆளா?" என்றார்.

எதிர் வரிசையில் என் பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூப்பிரண்டு திரும்பி, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார். நான் நாற்காலியை விடவில்லை.